ஆளுக்கோர் ஊர், ஆட்டம் ஒன்று

பெங்களூரு அடுகோடியில் நட்பின் ஆயுள் பெரும்பாலும் வாடகை ஒப்பந்தத்தின் ஆயுள்தான். ஓசூர் சாலையையும் கோரமங்கலாவையும் ஒட்டிய இப்பகுதிக்கு, பழைய மைக்கோவாகிய இன்றைய பாஷ் நிறுவனமும் அருகிலுள்ள கல்லூரிகளும் கணினி அலுவலகங்களும் ஆண்டுதோறும் புதியவர்களைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. பதினொரு மாத ஒப்பந்தம் ஒன்றிரண்டு முறை புதுப்பிக்கப்படும். பிறகு வேறொரு வேலை வேறோர் ஊருக்கு அழைத்துச் சென்றுவிடும். ஒரே மாடியில் குடியிருந்த எங்கள் அறுவரில் இருவர் மட்டுமே இன்று அடுகோடியில் இருக்கின்றனர். மற்றவர்கள் ஓசூர், சேலம், சிங்கப்பூர், லண்டன் எனப் பிரிந்துவிட்டனர்.

மாதம் இருமுறை சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் காணொலியில் கூடுகிறோம். சிங்கப்பூரில் அப்போது பதினொன்றரை. லண்டனில் கோடைக்காலமாயின் மாலை நான்கரை. ஒருவருக்கு உறக்கம், மற்றொருவருக்குத் தேநீர் நேரம். நலம் விசாரித்து முடிந்ததும் பேச்சு வற்றத் தொடங்கும். அதன் பின் கூட்டத்தைத் தாங்குவது ஏதேனும் ஓர் ஆட்டமே. எந்த ஆட்டம் தாங்கும் என்று சில மாதங்கள் ஆடிப் பார்த்தோம். அளவுகோல் ஒன்றுதான்: எங்களுள் மிகப் பழைய கைப்பேசி வைத்திருப்பவரும், ஆங்கிலத்தில் விரைந்து தட்டச்சு செய்ய இயலாதவரும் அடுத்த சனிக்கிழமையும் வர விரும்ப வேண்டும். வரைகலையின் அழகு இரண்டாம் பட்சம்.

முதலில் எடுத்தது லூடோ கிங். 2016இல் நவி மும்பை நிறுவனம் ஒன்று வெளியிட்ட இவ்வாட்டம், 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் நாடெங்கும் பரவியது. விதிகளை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாதாரணக் கைப்பேசியே போதும். ஆனால் அவரவர் காயில் கண் வைத்திருப்பதால் பேச்சு குறைந்துவிடுகிறது. இடையிடையே வரும் விளம்பரங்களும் பொறுமையைச் சோதிக்கின்றன.

2018இல் வெளிவந்து 2020இல் புகழ்பெற்ற அமாங் அஸ், கைப்பேசியில் இலவசம். கூட்டத்தினுள் மறைந்திருக்கும் வஞ்சகரைப் பேசியே கண்டுபிடிக்க வேண்டும். பல ஆண்டுகள் ஒரே சமையலறையைப் பகிர்ந்தவர்களுக்கு இது மிகவும் பொருந்துகிறது. பொய் சொல்லும்போது யார் குரல் மாறும் என்பது தெரியுமல்லவா? குறை ஒன்று உண்டு. சுற்று நடக்கும்போது அனைவரும் ஒலிவாங்கியை அணைத்து மௌனமாக இருக்க வேண்டும். முதலில் வெளியேற்றப்படுபவர் கடைசி வரை வாய் திறக்க முடியாது. ஆறு பேர் கொண்ட சிறு குழுவில் அந்த ஒருவரின் மௌனம் பெரிதாகத் தெரிகிறது.

ஜாக்பாக்ஸ் தொகுப்புகளை ஒருவர் விலைக்கு வாங்கினால் போதும். அவர் தம் திரையைக் காணொலியில் பகிர, மற்றவர்கள் நான்கெழுத்துக் குறியீட்டைக் கொண்டு கைப்பேசி உலாவி வழியே நுழையலாம். எதையும் நிறுவ வேண்டியதில்லை. செலவை ஆறாகப் பங்கிடலாம் என்பதால் கணக்கும் சரியாகவே வருகிறது. இருப்பினும் இதன் நகைச்சுவையில் பெரும்பகுதி ஆங்கிலச் சிலேடையும் அமெரிக்க வாழ்க்கையும். பகிரப்படும் திரை சில நொடிகள் தாமதமாக வந்து சேர்வதால், விடையளிக்கும் நேரமும் தொலைவிலிருப்பவருக்குச் சுருங்குகிறது. லண்டன் நண்பர் சிரித்த இடங்களில் சேலத்து நண்பர் மரியாதைக்காகச் சிரித்தார். எங்கள் அளவுகோலில் இது தேறவில்லை.

ஒருவர் வரைய மற்றவர்கள் ஊகித்துத் தட்டச்சு செய்யும் ஸ்கிரிபிள், உலாவியிலேயே இலவசமாக ஆடக்கூடியது. தனி அறை அமைத்து, நாமே சொற்பட்டியலும் தரலாம். இட்லித் தட்டு, ஆட்டோ, வாழைப்பழம், அடுகோடியின் பழைய வீட்டு உரிமையாளர் என்று எங்கள் பட்டியல் நீண்டது. சிக்கலை உண்டாக்கியது ழகரம். ஆங்கில எழுத்தில் வாழைப்பழத்தை ஆளுக்கொரு விதமாக எழுத, ஆட்டமோ எழுத்துப் பிசகாத விடையையே ஏற்றது. சரியாக ஊகித்தவர் தோற்றுப்போக, பத்து நிமிடம் அதைப் பற்றியே வாதம். அந்த வாதம் ஆட்டத்தைவிடச் சுவையாக இருந்ததென்பதையும் சொல்லியாக வேண்டும்.

இத்தொல்லையே இல்லாதது கார்ட்டிக் போன். ஒருவர் எழுதும் வாக்கியத்தை அடுத்தவர் வரைவார். அந்தப் படத்தைக் கண்டு மூன்றாமவர் வாக்கியம் எழுதுவார். அதை நான்காமவர் வரைவார். சரியான விடை என்று ஒன்றில்லாததால் தமிழிலேயே எழுதலாம். மதிப்பெண்ணும் இல்லை, எவரும் வெளியேறுவதும் இல்லை. ‘மொட்டை மாடியில் வடாம் காயப்போடும் பாட்டி’ ஆறாவது கையில் ‘விண்வெளியில் அப்பளம் விற்கும் பூனை’ ஆனபோது சிங்கப்பூர் நண்பரின் உறக்கம் போய்விட்டது. எங்கள் முதலிடம் இதற்கே.

இனிப் பணத்தைப் பற்றி. வெளிநாட்டுத் தளங்களில் ஆட்டம் வாங்கும்போது ஒருமுறைக் கடவுச்சொல் கேட்காமலே பணம் கழிக்கப்படலாம். இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 மார்ச் 16 முதல் வழங்கப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி தொடக்கத்தில் அணைக்கப்பட்டே இருக்கும். அதை வங்கிச் செயலியில் இயக்கி, சிறு உச்சவரம்பு வைத்து, வாங்கி முடித்ததும் மீண்டும் அணைத்துவிடலாம். ‘முதல் வாரம் இலவசம்’ என்னும் சந்தாக்களில் தானியங்கிக் கட்டண ஒப்புதல் மறைந்திருக்கும். பணம் கழிக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வரும் அறிவிப்பைப் படிக்காமல் தள்ளிவிட வேண்டாம்.

இலவச ஆட்டங்களுக்கிடையே ‘பணம் வைத்து லூடோ’ என்று அழைக்கும் விளம்பரங்களைக் கண்டால் விலகிவிடுவதே நல்லது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை வழங்குவதைத் தடை செய்கிறது. அவற்றுக்கான பணப் பரிவர்த்தனையை வங்கிகள் நடத்திக்கொடுப்பதற்கும் தடை உண்டு. நண்பர் குழுவில் எவரேனும் அனுப்பும் இணைப்பிலிருந்து ஆட்டத்தை நிறுவுவதும் ஆபத்தானது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

திரையைப் பகிர்பவர் கைப்பேசித் திரையைப் பகிராமல் கணினியில் ஆட்டத்தின் சாளரத்தை மட்டும் பகிர்வது நல்லது. கைப்பேசித் திரை முழுவதும் தெரிந்தால், வங்கியின் குறுஞ்செய்தியும் கணக்கிருப்பும் ஆறு வீடுகளில் ஒரே நேரத்தில் தெரியும். நண்பர்கள்தாமே எனலாம், நண்பருக்குப் பின்னால் நிற்பவர் யாரென்று திரையில் தெரிவதில்லை.

இலவசக் காணொலிச் சேவைகளில் கால வரம்பும் உண்டு: மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடினால் ஜூமில் 40 நிமிடம், கூகுள் மீட்டில் 60 நிமிடம். நாங்கள் முதல் இணைப்பில் கார்ட்டிக் போன் ஆடுகிறோம். அது முடிந்ததும் புதிய இணைப்பில் சேலத்து நண்பரின் தாயார் வந்து அமர்கிறார். தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் வரைந்திருக்கும். கைப்பேசி நாற்காலிமேல் ஏறித் தரையைப் பார்க்கும். பித்தளைத் தாயக்கட்டையை எல்லோருக்காகவும் அவரே உருட்டுவார். எந்தக் காயை நகர்த்துவது என்று நாங்கள் சொல்வோம். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். லண்டன் நண்பருக்கு மூன்று வாரமாக விழவில்லை.