இதயம் இடும் கையெழுத்து

விரல் ரேகை ஒருவருக்கு இருப்பதுபோல் மற்றவருக்கு இராது என்பதை நீங்கள் அறிவீர்கள். இதயத்தில் எழும் மின்னலைகளும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. "இவர் இன்னார்தான்" என்று உறுதி செய்ய அவற்றைப் பயன்படுத்தலாமா?

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்னும் சிறு திசுத்திரள் உள்ளது. அங்கே பிறக்கும் மின்துடிப்பு மேலறைகளில் பரவிக் கீழறைகளுக்கு இறங்குகிறது. அதனால்தான் இதயத்தசை சுருங்குகிறது. இம்மின்சாரத்தில் மிகச் சிறு பங்கு தோல்வரை எட்டுகிறது. சுமார் 1 மில்லிவோல்ட் அளவுதான். லண்டனில் அகஸ்டஸ் வாலர் 1887-இல் மனித உடலின் மேற்பரப்பிலிருந்தே இதைப் பதிவு செய்தார். (தம் வளர்ப்பு நாய் ஜிம்மியின் கால்களை உப்புநீரில் வைத்தும் இதைச் செய்து காட்டுவார். நாயை வதைக்கிறார் என்று 1909-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கேள்வியே எழுந்தது!) பின்னர் ஹாலந்தின் லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் நுட்பமான இழைக் கால்வனாமீட்டரை அமைத்தார், அலைகளுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டவரும் அவரே. 1924-இல் நோபல் பரிசு பெற்றார்.

எல்லோருக்கும் இதே ஐந்து அலைகள்தாமே, வேற்றுமை எங்கிருந்து வருகிறது? இதயத்தின் பருமன், தசைச்சுவரின் தடிப்பு, மார்புக்கூட்டில் அது சாய்ந்திருக்கும் கோணம் ஆகியவை ஆளுக்கு ஆள் மாறுகின்றன. ஆகவே அலைகளின் உயரம், அகலம், சரிவு எல்லாம் மாறுகின்றன. 2001-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் 20 பேரின் ஈ.சி.ஜி. பதிவுகளைக் கொண்டு ஆளை இனங்காண முடியும் என்று காட்டினர்.

சரி, ஓடிவந்து கதவருகே நின்றால்? துடிப்பு நிமிடத்திற்கு 70-லிருந்து 120-க்கு ஏறியிருக்குமே! அப்போது பெரிதும் குறுகுவது டி அலைக்கும் அடுத்த பி அலைக்கும் நடுவிலுள்ள ஓய்வு நேரம்தான். க்யூ-ஆர்-எஸ் பகுதி ஏறத்தாழ அப்படியே இருக்கும். கணிப்பொறி அதையே முதன்மையாகப் பற்றிக்கொள்கிறது. மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் தசை அசைவின் குழப்பத்தையும் வடிகட்டிவிட்டு, முன்பே பதிந்த மாதிரியோடு ஒப்பிடுகிறது. ஒப்புமையின் வரம்பைத் தளர்த்தினால் அயலார் நுழைவர். இறுக்கினால் உரியவரே வெளியில் நிற்க நேரிடும்.

கண்ணாடித் தம்ளரில் விரல் ரேகை படிவதுபோல் இதய அலை எங்கும் படிவதில்லை. இது பெரிய வசதி. 2013-இல் கனடாவின் டொரண்டோ நகரத்து நிறுவனம் ஒன்று, 'நிமி' என்னும் மணிக்கட்டுப் பட்டையை அறிவித்தது. ஒரு கையில் அதை அணிந்து, மறுகை விரலால் தொடவேண்டும். இதயத்திற்கு இருபுறமும் தொடர்பு கிடைத்தால்தான் மின்னழுத்த வேறுபாட்டை அளக்க முடியும்.

ஆனால் 2017-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள், வேறு கருவிகளில் பதிவான ஈ.சி.ஜி.யைத் தக்கவாறு மாற்றி மின்குறியாக ஊட்டி, அப்பட்டையை ஏமாற்றிக் காட்டினர். மருத்துவமனையில் எடுத்த பதிவு பிறர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கடவுச்சொல் களவுபோனால் வேறொன்று வைத்துக்கொள்ளலாம். இதயத்தை என்ன செய்வது? போதாக்குறைக்கு, நமக்குள்ள இதயக் கோளாறையும் அதே வரைபடம் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாரடைப்பிலிருந்து மீண்டவரின் அலை வடிவம் மாறிவிடக்கூடும்; அவருடைய கருவியே அவரை அயலார் என்று தள்ளிவிடும். மீண்டும் பதிவு செய்துகொள்ள அவருக்கு வேறோர் அடையாளம் கைவசம் இருந்தாக வேண்டும்.