துப்பாக்கி விளக்கு: லூமென் மட்டும் பார்த்தால் போதுமா?

அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்புக்கு ஷாட்கன் வைத்திருப்பவர்கள் பலர். இருட்டில் எதிரே நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மகனா என்று தெரிய வேண்டுமே! அதற்காகத்தான் துப்பாக்கியிலேயே எல்இடி விளக்கைப் பொருத்துகிறார்கள்.

ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 போன்ற பம்ப் வகைகளில் ஒரு கை எப்போதும் முன்பிடியில் இருக்கும். எனவே விளக்கும் சுவிட்சும் அந்தப் பிடியிலேயே அமைந்திருப்பதுதான் வசதி. ஸ்ட்ரீம்லைட் டி.எல். ராக்கர் அப்படிப்பட்டது. 1,000 லூமென், இரண்டு சிஆர்123ஏ லித்தியம் பேட்டரிகள்.

லூமென் என்பது மொத்த ஒளி. கேண்டெலா என்பது ஒரு திசையில் குவியும் செறிவு. 20,000 கேண்டெலா விளக்கு என்றால் 283 மீட்டர் தூரம் எட்டும் என்று கணக்கிடுவார்கள். மயங்க வேண்டாம். அந்தத் தூரத்தில் கிடைப்பது 0.25 லக்ஸ், ஏறக்குறைய பௌர்ணமி வெளிச்சம்தான். வீட்டுக்குள் ஐந்தாறு மீட்டர் தெரிந்தால் போதும். அங்கே கூர்மையான கற்றை வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசவைக்கும். அகலமாகப் பரவும் ஒளியே நல்லது.

சாதாரண டார்ச்சை டேப் சுற்றி ஒட்டுவது வேலைக்காகாது. 12 கேஜ் உதைப்பை அது தாங்காது.

இன்னொன்று, விளக்கு காட்டும் திசையில்தான் குழலும் இருக்கும். யாரென்று பார்க்கத் துப்பாக்கியை நீட்டவே கூடாது. அதற்குத் தனியாக ஒரு கை டார்ச் அவசியம். அதுவும் சிஆர்123ஏ பேட்டரியில் இயங்குவதாக இருந்தால் ஒரே வகையை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.