சமையல் செய்வீர்களா?

போனில் முதல் கேள்வி வாடகையைப் பற்றி இருக்காது. எத்தனை பேர், எப்போது குடிவருவீர்கள் என்பதெல்லாம் பிறகுதான். சிங்கப்பூரில் வாடகைக்கு அறை தேடும் தமிழரிடம் வீட்டு ஏஜென்ட் எடுத்த எடுப்பில் கேட்பது, "சமையல் செய்வீர்களா?" ஆமாம் என்றால், "ஓனர் லைட் குக்கிங் மட்டும்தான் ஓகேன்னு சொல்றாங்க" என்று பதில் வரும். இல்லை, மூன்று வேளையும் காப்பிக்கடையில் சாப்பிட்டுக்கொள்வேன் என்றாலும் காரியம் நடக்காது. "ஓனர்கிட்ட கேட்டுட்டு மெசேஜ் பண்றேன்" என்பார். அந்த மெசேஜ் வராது. மறுநாள் அதே அறை, அதே படங்களோடு, அதே வாடகைக்கு இணையத்தில் கிடக்கும்.

ஜூலை பிறந்தால் இன நல்லிணக்கம் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று பத்திரிகைகளுக்குத் தோன்றிவிடும். 21ஆம் தேதி அப்படிப்பட்ட தேதி. 1964இல் அன்று மூண்ட இனக் கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் மூண்டபோது இன்னும் 13 பேர். அந்தக் கதை சொல்லித் தேய்ந்தது, இங்கே வேண்டாம். 1997 முதல் பள்ளிகளில் ஜூலை 21ஐ இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுகிறார்கள். சீனப் பையன் வேட்டி கட்டிக்கொள்கிறான், தமிழ்ப் பெண் சியோங்சாம் போட்டுக்கொள்கிறாள், மலாய்ப் பிள்ளைகள் சேலையில் வந்து நிற்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் முதல் ஆண்டு அப்படி வேட்டி கட்டிப் படம் எடுத்துக்கொண்ட பையன்களுக்கு இன்று நாற்பதை ஒட்டிய வயது. சொந்த வீடு வாங்கி, கடனை அடைக்க ஓர் அறையை வாடகைக்கு விடும் வயது. அவர்கள் ஏஜென்ட்டிடம் என்ன சொல்லி அனுப்புகிறார்கள் என்பதுதான் இந்த ஆண்டு என்னைக் குடைந்த கேள்வி.

அக்கம்பக்கத்தில் குடிவைக்கும் வேலையை அரசு கச்சிதமாகச் செய்திருக்கிறது. நாட்டு மக்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் இருக்கிறார்கள். 1989 மார்ச் முதல் அங்கே இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் இருக்கிறது. ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, மலாய்க்காரர் 25 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. இந்தியருக்கும் பிறருக்கும் முதலில் 13 விழுக்காடு. 2010இல் அதை 15 ஆக்கினார்கள். இதனால் ஓர் இனத்தார் மட்டும் வாழும் பேட்டை என்று எதுவும் வீவக பேட்டைகளில் உருவாகவில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு கோடியில் கொம்பாங் மேளம் அடித்து மலாய்க் கல்யாணம் நடக்கும். அடுத்த வாரம் அதே இடத்தில் சீனர் வீட்டுத் துக்கத்துக்குப் பந்தல் போட்டு, விடிய விடிய மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். தீபாவளிக்குப் பொதுநடையில் அகல் விளக்கு வரிசையாக எரியும். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி அதைத் தாண்டிக் கால் படாமல் நடந்து போவார். இதெல்லாம் விளம்பரத்துக்காக ஜோடித்த காட்சி இல்லை. அன்றாடம் நடப்பது.

இந்தக் கொள்கைக்கு ஒரு விலை உண்டு, அதைச் சிறுபான்மையினர்தான் கொடுக்கிறார்கள். புளோக்கில் சீனர் ஒதுக்கீடு நிரம்பிவிட்டால் தமிழர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் வட்டம் சுருங்கும், கேட்கும் விலையும் இறங்கும். ரொம்பவும் சிக்கிக்கொண்டவர்களின் வீட்டை அரசே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது. கொள்கையையே எடுத்துவிடுங்கள் என்கிறவர்களின் கணக்கிலும் நியாயம் இருக்கிறது. எடுத்தால் ஓர் இனத்தார் மட்டும் வாழும் பேட்டைகள் உருவாகிவிடும் என்று நான் நினைக்கிறேன், அதோடு விடுகிறேன்.

இந்த விழுக்காட்டுக் கணக்கெல்லாம் வீட்டை விற்கும்போதும் வாங்கும்போதும்தான். மூன்றறை வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறவரிடம் யாரை எடுத்தாய், யாரை விட்டாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் இணைய விளம்பரங்களில் பட்டவர்த்தனமாகவே போட்டிருப்பார்கள்: இந்தியர் வேண்டாம், சீன நாட்டவர் வேண்டாம். பலர் அதைச் சுட்டிக்காட்டிக் கொதித்தார்கள், வெளிநாட்டு ஊடகங்கள்கூட எழுதின. இனத்தைச் சொல்லி விளம்பரம் போடக் கூடாது என்று ஏஜென்ட்டுகளுக்கு நெறிமுறை சொல்லப்பட்டது. விளம்பரம் சுத்தமானது. "இந்தியர் வேண்டாம்" என்று இருந்த இடத்தில் "லைட் குக்கிங்" வந்து உட்கார்ந்தது. முன்பு விளம்பரத்தைப் படித்ததும் காறித் துப்பிவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். படம் பிடித்து நாலு பேருக்குக் காட்டலாம். இப்போது கையில் எதுவும் சிக்காது. சம்பளம் போதாதோ, ஆறு மாத ஒப்பந்தம் கேட்டது தப்போ, பேசின விதம் சரியில்லையோ என்று அறை கிடைக்காதவன் தன்னையே நோண்டிக்கொண்டிருக்கிறான். ஒரு பெயரைக் கேட்டதும் வேண்டாம் என்று முடிவெடுத்தவர் நிம்மதியாகத் தூங்குகிறார், நாகரிகமாக மறுத்துவிட்ட திருப்தியோடு. எனக்குப் பயம் இந்த நாகரிகத்தைக் கண்டுதான். வெளிப்படையான வசவை எதிர்த்து நிற்க நமக்கு வழக்கம் இருக்கிறது. சிரித்துக்கொண்டே சாத்தும் கதவை எந்தப் பள்ளி விழாவும் தொடுவதில்லை.

சமையல் என்றதும் 2011இல் நடந்தது ஞாபகம் வராமல் போகாது. சீனாவிலிருந்து குடிவந்த ஒரு குடும்பம், பக்கத்து இந்தியர் வீட்டுக் கறிக்குழம்பு வாசனை தாங்க முடியவில்லை என்று புகார் செய்தது. சமரசம் பேசினார்கள். சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து இந்தியக் குடும்பம் குழம்பு வைக்கும் என்று முடிவானது. நடந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த விவகாரம். அந்த ஆண்டு செய்தித்தாளில் வெளியானதும் ஊரே பொங்கியது. ஆகஸ்ட் 21, ஞாயிறு, எல்லோரும் வீட்டில் கறிக்குழம்பு வையுங்கள் என்று யாரோ ஃபேஸ்புக்கில் கிளப்பிவிட, பல்லாயிரம் பேர் சேர்ந்துகொண்டார்கள். சீனர், மலாய்க்காரர், யுரேஷியர் என்று எல்லார் வீட்டிலும் அன்று குழம்பு கொதித்தது. சிங்கப்பூர்க்காரர்கள் சேர்ந்து செய்த போராட்டங்களில் இவ்வளவு மணமானது வேறொன்று இருக்க முடியாது.

அந்தச் சமரசத்துக்கு இன்னொரு பாதி இருந்தது. அந்தச் சீனக் குடும்பம் கறிக்குழம்பைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் ஒப்பந்தம். அந்தப் பாதியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கோபம் முதல் பாதிக்குப் போதுமானதாக இருந்தது, நியாயமான கோபமும்கூட. அடுப்பு மூட்டும் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டியது யார் என்று பாருங்கள்: குழம்பு வைத்தவர்தான். ஆனாலும் மறந்துபோன பாதியில்தான் விஷயம் இருக்கிறது என்பேன். ஒரு வாய் சாப்பிட்டவர் அடுத்த முறை வாசனை வரும்போது இன்று என்ன குழம்பு என்று யோசிக்கக்கூடும். யோசிக்காமலும் போகலாம், பிடிக்காத வாசனை பிடிக்காதுதான். திரைச்சீலையில் மசாலா ஏறினால் போகாது என்று ஓனர்கள் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் பெலாச்சான் இறால் விழுதை வறுத்தால் மூன்று மாடிக்கு மேலே இருப்பவருக்கும் தும்மல் வரும். டுரியான் பருவத்தில் லிஃப்டுக்குள் நிற்க முடியாது. அவையெல்லாம் ஊர் மணம், இது மட்டும் நாற்றமா?

நம் பக்கமும் அப்படியொன்றும் வெள்ளையில்லை. சென்னையில் "சைவம் மட்டும்" என்று பலகை மாட்டியிருப்பவர்கள் சமையலைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நம்புகிறவர் கை தூக்கலாம். சிங்கப்பூரிலும் தமிழ் ஓனர்கள், போனில் நல்ல தமிழ் கேட்ட மகிழ்ச்சி அடங்குமுன், "ஊர்ல எந்தப் பக்கம்? என்ன வேலை?" என்று கேட்டு, கட்டுமானத் தளம் என்ற பதில் வந்ததும் குரலை மாற்றிக்கொள்கிறார்கள். 2008இல் சிராங்கூன் கார்டன்ஸ் பகுதியில் மூடிக் கிடந்த பள்ளிக்கட்டடத்தை வெளிநாட்டு ஊழியர் விடுதியாக்கும் திட்டம் வந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். விடுதி வந்தது; போக வரத் தனிச் சாலையும் சேர்ந்து வந்தது. அந்த எதிர்ப்பு ஓர் இனத்தாருடையது மட்டும் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இது வாடகையோடு முடிவதில்லை. "லைட்டை அணைச்சா பல்லு மட்டும்தான் தெரியும்" என்ற ஜோக்கைப் பள்ளியிலும் ராணுவ முகாமிலும் அலுவலகத்திலும் கேட்காத சிங்கப்பூர்த் தமிழர் இருப்பாரா தெரியவில்லை. அதற்குச் சேர்ந்து சிரித்துவிடுவது ஒரு தலைமுறையின் தற்காப்பு. இப்போதைய பிள்ளைகள் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். சிரிக்காமல், "புரியலையே, இதுல ஜோக் எங்க இருக்கு?" என்று கேட்கிறார்கள். சொன்னவர் விளக்க வேண்டும். விளக்க ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தில் தானே நிறுத்திவிடுவார். கத்த வேண்டியதில்லை, புகார் எழுத வேண்டியதில்லை. அலுவலகத்தில் மேலதிகாரியிடம் இது எடுபடுமா என்றால், எடுபடாது. அங்கே வேறு கணக்கு.

அதற்குச் சட்டம் வந்துகொண்டிருக்கிறது. வேலையிடத்தில் இனம், மொழி, வயது போன்றவற்றை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 25 பேருக்குக் குறைவாக இருக்கும் நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கு. இன நல்லிணக்கத்தைப் பேணும் சட்டம் பிப்ரவரியில் நிறைவேறியது. குற்றம் செய்தவரை நேரே நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், புண்பட்ட சமூகத்தோடு பழகித் திருந்த வாய்ப்புக் கொடுக்கும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. நல்ல யோசனை. ஆனால் அறை வாடகைக்கு மறுப்பதைப் பற்றிய பிரிவு இரண்டு சட்டத்திலும் இல்லை. என் வீடு, என் இஷ்டம் என்பதில் கை வைக்க அரசு தயங்கத்தான் செய்யும். கடையில் பொருள் விற்பவர் இனம் பார்த்து விற்றால் பொறுப்போமா என்று கேட்டால், வீடு வேறு கடை வேறு என்பார்கள். மாத வாடகை வாங்கிக்கொண்டு வரியும் கட்டுகிறபோது அது வியாபாரம் ஆகிவிட்டது என்பது என் கட்சி.

அறை கிடைத்தவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று விசாரித்தால் பெரிய தத்துவம் எதுவும் கிடைப்பதில்லை. தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வது, ஜன்னலைத் திறந்துவைப்பது, ஞாயிறு காலை பத்து மணிக்குள் மீன் பொரித்து முடிப்பது. ஓனரம்மா பன்றி இறைச்சி சமைக்கும் சட்டி தனி, இவர்கள் சட்டி தனி. இப்படி நான்கைந்து ஏற்பாடுகள் போதும், ஆண்டுக்கணக்காக ஒரே வீட்டில் ஓட்டிவிடுகிறார்கள். சிக்கல் எல்லாம் வாசல்படி ஏறுவதற்கு முன்னால்தான்.

அந்தப் படியை ஏற ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பொறியாளர். ஏஜென்ட் போனில் இழுக்க ஆரம்பித்ததும் அவர் கோபப்படுவதில்லை. "ஏன் முடியாதுன்னு ஒரு வரி மெசேஜா அனுப்பிடுங்க, கம்பெனியில காட்டணும்" என்கிறார். பெரும்பாலான ஏஜென்ட்டுகள் அதற்குப் பிறகு பதிலே போடுவதில்லையாம். சிலர் மட்டும், "இன்னைக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து வீட்டைப் பாருங்க" என்கிறார்களாம்.