சமூகக் கல்வி வகுப்பில் நுண்வாசிப்பு: நாவிதன்வெளியை முன்னிறுத்தி ஒரு நோக்கு

கவிதைக்கே உரியதெனக் கருதப்பட்டுவந்த நுண்வாசிப்பைச் சமூகக் கல்விப் பாடநூலுக்கும் பிரயோகிக்கலாமா என்னும் வினாவை இங்கு எடுத்துக்கொள்கிறோம். ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1929இல் வெளியிட்ட நூலில், ஆசிரியர் பெயர் நீக்கப்பட்ட கவிதைகளை மாணவர் எவ்வாறு வாசித்தனர் என ஆராய்ந்தார். சமூகக் கல்விக்கு அம்முறை அப்படியே பொருந்தாது. இங்கு எழுதியவர் யார் என்பதே முதல் வினா. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வரலாறு, புவியியல், குடியியல் ஆகியவற்றை ஒன்றிணைத்தபோதும், பின்னர் வரலாறு தனிப்பாடமாகப் பிரிந்தபோதும், மனனஞ் செய்யும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

"கல்லோயாத் திட்டத்தின் கீழ்க் காடுகள் வெட்டப்பட்டு மக்கள் குடியேற்றப்பட்டனர்." பாடநூல் நடையை ஒட்டி நாமே அமைத்த வாக்கியம் இது. எண்ணால் பெயர்பெற்ற குடியேற்றக் கிராமங்களைக் கொண்ட நாவிதன்வெளிப் பிரதேசத்துப் பிள்ளைக்கு இது வீட்டுக் கதை. எனினும் பிறர் கதைபோலவே அதனை ஒப்புவிக்கிறது. இரு செயப்பாட்டு வினைகளும் செய்தவரை மறைத்துவிடுகின்றன. வெட்டியவர் யாவர்? குடியேறியோர் எங்கிருந்து, எவர் தீர்மானத்தின்படி வந்தனர்? 'காடு' எனப்பட்ட நிலத்தில் சேனை செய்தோர் எவரும் இருந்திலரா? 'மக்கள்' என்ற பொதுச்சொல்லில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எவ்வளவு எவ்வளவு?

இவ்வாக்கியத்தின் முன் "1949இல் அம்பாறை மாவட்டத்தில்" எனச் சேர்த்துப் பார்ப்போம். திட்டம் தொடங்கிய ஆண்டு சரியே. ஆனால் அன்று அப்படியொரு மாவட்டம் இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அது 1961இலேயே பிரிக்கப்பட்டது. பிற்கால நிருவாக எல்லை முற்காலத்தின்மீது ஏற்றப்படுகையில், அவ்வெல்லை உருவானமைக்கும் குடியேற்றத்துக்குமுள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரியாது போகிறது. இத்தகைய பிழையை மாணவன் தானே கண்டுபிடிக்கும் நாளே அவன் வாசிக்கத் தொடங்கிய நாள்.

இடர்ப்பாடும் உண்டு. 1956 யூன் மாதம் கல்லோயாவில் தமிழர்மீது நிகழ்ந்த வன்செயலைத் தொடாமல் இவ்வாக்கியத்தை வாசித்து முடிக்க இயலாது. ஆசிரியர் தயங்குவது இயல்பே. கிழக்கில் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே மொழியிலமைந்த பாடநூலைப் பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளில் வாசிக்கின்றனர். ஒருவர் வாசிப்பை மற்றவர் கேட்பதில்லை. எமது நோக்கில் பரீட்சையினும் பெரிய தடை இதுவே.

ஒரு பாடவேளைக்கு ஒரு வாக்கியம் போதும். வினைகளைச் செய்வினையாக மாற்றும்படி பிள்ளைகளைக் கேட்க வேண்டும். விடுபட்ட பெயர்களை நிரப்ப வீட்டிலுள்ள முதியோரிடம் அனுப்ப வேண்டும். அயற்பாடசாலை நிரப்பிய அதே வாக்கியத்தை அடுத்த கிழமை கரும்பலகையில் பக்கத்தில் எழுதலாம்.