காடு நடத்தும் வகுப்பு

நுழையும்முன்

யானை, புலி, கடமான் ஆகியவற்றைப் படங்களில் பார்த்துக் கற்பது ஒரு முறை. அவை வாழும் இடத்துக்கே சென்று, தடங்களைக் கண்டும் ஒலிகளைக் கேட்டும் கற்பது மற்றொரு முறை. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிய காடுகளில் நடைபெறும் அத்தகைய கல்வியை இப்பாடம் விளக்குகிறது.

எல்லையில் இரு காடுகள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் பகுதியில் உள்ள புலிகள் காப்பகங்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த பறம்பிக்குளம். இது 2010ஆம் ஆண்டு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கேரளத்தில் இருந்தாலும், பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே பயணிகள் இங்கு வருகின்றனர். மற்றொன்று, இடுக்கி மாவட்டத்துத் தேக்கடியை வாயிலாகக் கொண்ட பெரியாறு புலிகள் காப்பகம். இது 1978ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கம் இதனுள் அமைந்துள்ளது. தேனி, மதுரை முதலிய மாவட்டங்களின் வயல்களுக்கு இங்கிருந்து நீர் செல்கிறது. ஆகவே, இக்காட்டைக் காப்பது காட்டுக்கு வெளியே வாழும் உழவர்களையும் காப்பதாகும்.

இவ்விரு காடுகளிலும் கேரள வனத்துறை மாணவர்களுக்காக இயற்கைக் கல்வி முகாம்களை நடத்துகிறது. குடும்பத்துடன் வருவோர் வழிகாட்டியின் துணையோடு காட்டுக்குள் நடந்து செல்லவும் ஏற்பாடு உண்டு.

தடம் படித்தல்

காட்டில் விலங்குகளைக் காண்பது அரிது. அவற்றின் அடையாளங்களைக் காண்பது எளிது. ஈரமண்ணில் பதிந்த காலடியே முதல் பாடம். புலியும் சிறுத்தையும் நடக்கும்போது நகங்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். எனவே அவற்றின் தடத்தில் நகக்குறி பொதுவாக இராது. செந்நாயின் தடத்தில் நகக்குறி தெரியும்.

யானையின் தடத்தில் ஒரு கணக்கும் உண்டு. முன்காலின் வட்டத் தடத்தைக் கயிற்றால் சுற்றி அளந்து, அவ்வளவை இருமடங்காக்கினால் யானையின் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். சுற்றளவு ஒன்றேகால் மீட்டர் எனில், யானையின் உயரம் இரண்டரை மீட்டர். யானையைக் காணாமலேயே அதன் உயரத்தை ஒரு சிறுவனால் சொல்ல முடிகிறது!

யானையின் சாணமும் ஒரு பாடமே. அதில் செரிக்காத விதைகள் கிடக்கும். மழைக்குப்பின் அவற்றுள் சில முளைவிடும். யானை நடந்த வழியெங்கும் காடு விதைக்கப்படுகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே கண்டறிகின்றனர்.

அடுத்தது செவிக்குரிய பாடம். அனைவரும் சற்று நேரம் பேசாமல் நிற்பர். மரவுச்சியில் இருக்கும் கருமந்தி புலியைக் கண்டால் எச்சரிக்கைக் குரல் எழுப்பும். அக்குரலைக் கேட்டுக் கீழே மேயும் மான்கள் தலைநிமிரும். ஓர் உயிரின் குரல் மற்றோர் உயிருக்குக் காவலாவதை அந்த அமைதியில் உணரலாம்.

பறம்பிக்குளத்தில் கன்னிமாரா என்னும் பழந்தேக்கு மரம் ஒன்று உள்ளது. அதன் அடிமரத்தின் சுற்றளவு ஆறரை மீட்டருக்கும் அதிகம். நான்கைந்து பேர் கைகோத்து நின்றால்தான் அதைத் தழுவ முடியும். எண்ணாகப் படித்த அளவு, கைகளால் அளக்கும்போது மனத்தில் நிலைக்கிறது.

ஆசிரியர் யார்?

இவ்வகுப்பின் ஆசிரியர்களுள் பலர் காட்டிலேயே வாழ்பவர்கள். பறம்பிக்குளத்தில் காடர், மலசர், முதுவர் ஆகிய பழங்குடியினரும், பெரியாற்றில் மன்னான், பளியர் ஆகிய பழங்குடியினரும் வாழ்கின்றனர். ஒடிந்த கிளையையும் மாறிய காற்றையும் வைத்துச் செய்தி அறியும் திறன் அவர்களுக்குத் தலைமுறைச் சொத்து.

பெரியாற்றில் வேறொரு வகை ஆசிரியர்களும் உண்டு. முன்பு சிலர் திருட்டுத்தனமாகக் காட்டில் நுழைந்து, இலவங்க இனத்தைச் சேர்ந்த வயண மரத்தின் பட்டையை உரித்து விற்று வந்தனர். பட்டை முழுதும் உரிக்கப்பட்ட மரம் பட்டுப்போகும். 1990களில் வனத்துறை அவர்களை அழைத்து, சூழல் மேம்பாட்டுக் குழுவாக அமைத்தது. மரத்தை அழித்த கைகளே காட்டைக் காக்கத் தொடங்கின. மறைவிடங்களையும் ஒற்றையடிப் பாதைகளையும் நன்கறிந்த அவர்கள் காவலராகவும் வழிகாட்டிகளாகவும் ஆயினர். 2002ஆம் ஆண்டு முதல் அப்பகுதிப் பெண்களும் 'வசந்தசேனை' என்ற பெயரில் ஊதியம் பெறாமல் முறைவைத்துக் காட்டைச் சுற்றிக் காவல் புரிகின்றனர். மனிதர் மாறினால் காடு பிழைக்கும் என்பதற்கு இவர்களே சான்று.

விருந்தினர் ஒழுக்கம்

காட்டில் மனிதன் விருந்தினன். எனவே கண்ணைப் பறிக்கும் நிற உடையும் நறுமணப் பொருள்களும் வேண்டா. அவை விலங்குகளை மிரளச் செய்யும். குரங்குகளுக்கு உணவு தருதல் கூடாது. அவை இரை தேடும் பழக்கத்தை இழந்து மனிதரிடம் பறிக்கத் தொடங்கும். ஞெகிழிப் பைகளை வீசுதல் கூடாது; உணவின் மணம் வீசும் பையை மான் விழுங்கி இறக்க நேரிடும்.

புலியைக் காணாமல் திரும்புவோர் பலர். அதனால் பயணம் வீணாகிவிடாது. காடு என்பது காட்சிக்கூடம் அன்று; தோன்றுவதும் மறைவதும் விலங்கின் உரிமை. இதை உணர்ந்து திரும்பும் பிள்ளை, வீட்டு வாசலில் ஊரும் எறும்பையும் நின்று பார்க்கத் தொடங்கும். காடு நடத்தும் வகுப்பின் தேர்ச்சி அதுவே.

சொல்லும் பொருளும்

தடம் – காலடிச் சுவடு
பட்டுப்போதல் – காய்ந்து இறத்தல்
ஞெகிழி – பிளாஸ்டிக்
முறைவைத்து – ஒருவர் பின் ஒருவராக

மதிப்பீடு

1. புலியின் தடத்தையும் செந்நாயின் தடத்தையும் எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?
2. முன்கால் தடத்தின் சுற்றளவு 1.30 மீட்டர் எனில், யானையின் தோள் உயரம் எவ்வளவு?
3. பட்டை உரித்தவர்கள் சிறந்த வழிகாட்டிகள் ஆனது எவ்வாறு? விளக்குக.

செயல்பாடு

பள்ளி வளாகத்தில் பத்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, கேட்ட ஒலிகளையும் கண்ட உயிர்களையும் பட்டியலிடுக.