சிறு விமானத்தளமும் பருவக்காற்றும்

மாநகரொன்றின் அருகே பரந்து கிடக்கும் வெற்று நிலத்தைக் காணுமிடத்து, "இஃது ஏன் வீணே கிடக்கின்றது?" என வினவுவார் பலர். அந்நிலம் சிறு விமானங்கள் ஏறி இறங்கும் தளமாயின், அதன் வெறுமையே அதன் பயனாகும். அஃது எவ்வாறென்பதை ஈண்டுச் சுருக்கமாக விளக்குவோம்.

நம் நாட்டில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு இரத்மலானை. கொழும்புக்குத் தெற்கே, காலி வீதிக்கு அண்மையில் உள்ள இத்தளத்தில், 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், சென்னை விமானக் கழகத்துப் பயிற்றாசிரியர் டின்டேல் பிஸ்கோ 'பஸ் மொத்' என்னும் சிறு விமானத்திலே முதன்முதல் வந்திறங்கினார். 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இங்கிருந்தே காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. பெருவிமானங்கள் கட்டுநாயக்காவுக்குச் சென்ற பின்னர், பயிற்சிக் கழகங்களின் சிறு விமானங்களுக்கு இத்தளம் பெரிதும் பயன்படலாயிற்று.

விமானத்தைத் தாங்குவது அதன் இறக்கைமீது விரைந்து செல்லும் காற்றேயாம். நிலத்தின்மேல் அது எவ்வளவு விரைவாக ஓடுகின்றது என்பதன்று, காற்றினூடே எவ்வளவு விரைவாகச் செல்கின்றது என்பதே பொருட்டு. மேலெழுவதற்கு மணிக்கு 90 கிலோமீற்றர் வேகம் வேண்டும் எனக் கொள்வோம். எதிர்க்காற்று 20 கிலோமீற்றர் வேகத்தில் வீசுமாயின், நிலத்தில் 70 கிலோமீற்றர் வேகமே போதும். பட்டம் ஏற்றும் சிறுவனும் காற்றை எதிர்த்தன்றோ ஓடுகின்றான்? ஆதலின் விமானம் ஏறுவதும் இறங்குவதும் இயன்றவரை காற்றுக்கு எதிர்முகமாகவே நிகழும்.

இருவர் அமரும் 'செஸ்னா 152' என்னும் பயிற்சி விமானம், மிதமான வெப்பநிலையில், ஏறத்தாழ 220 மீற்றர் ஓடி நிலத்தை விட்டெழும். ஆயினும் நண்பகல் வெயிலிற் காற்று மென்மையடைவதால் இவ்வோட்டம் நீளும். எழுந்தபின்னும் மரமுங் கட்டடமும் தடுக்காத வெளி வேண்டும்.

ஓடுபாதையின் முனைகளில் எழுதப்படும் எண்கள் திசைகாட்டியின் பாகையைக் குறிப்பன, ஈற்றிலக்கம் விடப்படும். இரத்மலானையின் எண்கள் 04, 22. நம் மாவட்டத்துச் சீனக்குடாத் தளத்தின் எண்கள் 06, 24. அஃதாவது, இரண்டும் வடகிழக்குக்கும் தென்மேற்குக்கும் இடையே கிடக்கின்றன. நம் இரு பருவக்காற்றுக்களும் வீசுந் திசைகள் இவையேயாம். கச்சான் வீசுங்காலத்துச் சீனக்குடாவில் 24ஐயும், வாடை வீசுங்காலத்து 06ஐயும் நோக்கி ஓடுதல் இயல்பு. இறக்கக்கண்டிக் கடற்றொழிலாளர் தோணி தள்ளுமுன் காற்றின் முகம் பார்ப்பது போலவே, விமானியும் காற்றுப்பையை நோக்குகின்றான்.

சீனக்குடா வரலாற்றிலும் இடம்பெற்றது. 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, இத்தளமும் இலக்காயிற்று. 1957இல் பிரித்தானியர் நீங்கினர். இன்று இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கழகம் அங்கே இளைஞர்க்குப் பறத்தலைக் கற்பிக்கின்றது. 2023ஆம் ஆண்டு ஓகத்து 7ஆம் நாள் அங்கே பயிற்சி விமானமொன்று வீழ்ந்து இருவர் உயிர் நீத்தனர். கற்குங் கலையின் இடர் எத்தகையது என்பதை நாம் அறியாதவரல்லேம்.

எனவே அயலில் வாழ்வோர்க்குங் கடமை உண்டு. குப்பையைத் திறந்த வெளியிற் கொட்டினால் காகமும் பருந்தும் திரளும். பறவையொன்று மோதினும் சிறு விமானத்துக்குப் பெருங்கேடு விளையலாம். ஓடுபாதைக்கு நேரே உயர்த்தப்படும் பட்டமும் கம்பமும் அத்தகையனவே. இறங்கும் விமானி தாழப் பறந்துகொண்டிருக்கின்றான். விலகிச் செல்ல அவனுக்குக் காலமும் உயரமும் குறைவு.

வெற்று நிலம் என நாம் கருதியது ஓர் இளைஞனின் உயிருக்கு அரணாக விளங்குகின்றது. நம் மாணவருள்ளும் நாளை வானேறுவார் உளராகலாம். அவர்க்காகவேனும் அவ்வெளியை வெளியாகவே விட்டுவைப்போமாக.