காற்றில் பூட்டிய சிறகு

வகுப்பறைத் தரையில் சாக்கட்டியால் மூன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். கைகளை அகல நீட்டிய இரண்டு மாணவர்கள் அடுத்தடுத்து நின்றால்தான் அதை ஏறக்குறைய நிரப்ப முடியும். தென் துருவத்தைச் சூழ்ந்த கடல்களில் வாழும் நாடோடி ஆல்பட்ராஸ் என்னும் பறவை, தனியாகவே அதை நிரப்பிவிடும். இன்றுள்ள பறவைகளில் இதைவிட நீண்ட சிறகு விரிப்பு எதற்கும் கிடையாது. 1965-இல் டாஸ்மன் கடலில் அளக்கப்பட்ட ஓர் ஆண் பறவைக்கு அது 3.63 மீட்டர் இருந்தது. சாதாரணமாக மூன்று மீட்டரை ஒட்டியிருக்கும்.

எடை 6 முதல் 12 கிலோ வரை. வெள்ளை உடல், கருத்த சிறகு நுனிகள், இளஞ்சிவப்பு அலகு. இளம் பறவையோ பழுப்பாக இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லத்தான் வெளுக்கும்.

ஒரு பக்கச் சிறகின் நீளம் ஒன்றரை மீட்டர் என்றால், அகலம் ஏறத்தாழ ஒரு சாண்தான்! இப்படி நீண்டு ஒடுங்கிய சிறகு, குறைந்த இழுவிசையோடு உடலைத் தாங்கும். எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களுக்கும் இதே அமைப்புத்தான். ஆனால் கையைப் பக்கவாட்டில் ஐந்து நிமிடம் நீட்டிக்கொண்டு நின்றாலே நமக்குத் தோள் வலிக்கிறதே, இப்பறவை மணிக்கணக்கில் எப்படித் தாங்குகிறது? அதன் தோளில் ஒரு தசைநாண் பூட்டுப் போல அமைந்துள்ளது. சிறகை முழுதும் விரித்ததும் பூட்டு விழுந்துவிடும். பிறகு தசைக்கு அதிக வேலை இல்லை.

முன்னே செல்லும் விசை எங்கிருந்து வருகிறது? அலைகளின் உராய்வினால் கடல் மட்டத்தருகே காற்று மெதுவாகவும், சற்று மேலே வேகமாகவும் வீசும். பறவை காற்றை எதிர்த்து மேலேறி, திரும்பி, காற்றோடு சேர்ந்து கீழே பாய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் காற்றிலிருந்து சக்தி பெறுகிறது. 1989-இல் குரோசே தீவுகளில் சில பறவைகளுக்குச் சிறு வானொலிக் கருவி பொருத்திச் செயற்கைக்கோள் மூலம் பின்தொடர்ந்தார்கள். ஒரே இரைதேடும் பயணத்தில் 15,000 கிலோமீட்டர் வரை அவை பறந்திருந்தன! காற்று அடங்கிவிட்டாலோ, இந்த மாபெரும் பறவை கடல்மேல் வாத்துப்போல் உட்கார்ந்துவிடும்.

இது இரண்டாண்டுக்கு ஒரு முறை, ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு பறக்க ஏறத்தாழ ஒன்பது மாதம் ஆகும். தாயும் தந்தையும் மாறி மாறி இரை கொண்டுவர வேண்டும். ஒன்று திரும்பாவிட்டால் குஞ்சு பிழைப்பது அரிது.

திரும்பாமற் போவதற்கு ஒரு முக்கியக் காரணம் தூண்டில். ஆழ்கடல் மீன்பிடிக் கப்பல்கள் ஆயிரக்கணக்கான கொக்கிகள் கோத்த நெடுங்கயிற்றைக் கடலில் இறக்குகின்றன. அது மூழ்குமுன் இரையைக் கவ்வும் பறவை கொக்கியில் மாட்டி, கயிற்றோடு மூழ்கி இறக்கிறது. இதற்கு மாற்று கடினமானதன்று. கயிற்றில் எடை கட்டி விரைந்து மூழ்கச் செய்யலாம், இரவில் இறக்கலாம், கப்பலின் பின்னால் வண்ண நாடாக்களைப் பறக்கவிட்டுப் பறவைகளை விரட்டலாம். தெற்கு ஜார்ஜியா தீவைச் சுற்றி இம்முறைகளைக் கட்டாயமாக்கியபின் அக்கடலில் இச்சாவுகள் பெரிதும் குறைந்தன. ஆனால் அத்தீவின் பறவைகள் அங்கேயே இரை தேடுவதில்லை, நெடுந்தொலைவு செல்கின்றன. அங்குள்ள கப்பல்கள் எல்லாவற்றிலும் நாடாக்கள் கட்டப்படுவதில்லை.